முகம் கேட்கும் கேள்விக்கு ஓர் ஆங்கிலச் சொல்

ஈரோட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில், சாயங்காலம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கதை எழுதச் சொல்லித் தருகிறேன். போன வாரம் ஒரு பையன், தாத்தாவோடு மஞ்சள் மண்டிக்குப் போன கதையை எழுதி வந்தான். அதில் வியாபாரி 'குவிசிக்கலி' (quizzically) கேட்டார், தாத்தா குவிசிக்கலி யோசித்தார், வண்டிக்காரர் குவிசிக்கலி நின்றார். அகராதியில் புதிதாகக் கிடைத்த சொல், விடுவானா?

சொல் என்னவோ அருமையான சொல்தான். 'இதென்னுங்க இது?' என்று வாய் திறக்காமல் முகம் மட்டும் கேட்கிறதே, அதுதான் குவிசிக்கலி. புரியாத குழப்பம் கொஞ்சம், தெரிந்துகொள்ளும் ஆசை கொஞ்சம், பெரும்பாலும் உதட்டோரம் லேசான சிரிப்பும் இருக்கும். கோபத்துக்கும் பயத்துக்கும் இது ஒத்துவராது.

"வியாபாரி என்ன பண்ணினாரு கண்ணு, அதைச் சொல்லு" என்றேன். சாக்கிலிருந்து ஒரு விரலி மஞ்சளை எடுத்து டக்கென்று ஒடித்தாராம். உள்ளே நிறம் எப்படி என்று ஒடிந்த முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாராம். அப்புறம் ஒற்றைப் புருவத்தைத் தூக்கித் தாத்தாவைப் பார்த்தாராம். அந்தச் சொல் உட்கார வேண்டிய இடம் இந்தப் பார்வைதான்: 'ஹி லுக்ட் அட் கிராண்ட்ஃபாதர் குவிசிக்கலி.' யாரைப் பார்த்தார் என்று சொல்லி முடித்த பிறகு சொல் வருகிறது, கவனியுங்கள். நடுவிலிருக்கும் 'அட்'டை நம் பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள். தமிழில் 'தாத்தாவைப் பார்த்தார்' என்றால் போதும், அதனால் வரும் பிசகு.

பார்த்த விதத்தைச் சொல்லாமல், அவர் முகம் எப்படித் தெரிந்தது என்று சொல்வதானால் 'லி' வேண்டாம். 'ஹி லுக்ட் குவிசிக்கல்' என்றாலே சரி.

தாத்தா யோசித்ததற்கு இந்தச் சொல் ஆகாது. யோசனை மண்டைக்குள் நடப்பது, இதுவோ வெளியே தெரிகிற முகக்குறி. கேட்டார் என்ற இடத்தில் இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் கேள்விக்குறியே அந்த வேலையைச் செய்துவிடுவதால் நான் அடித்துவிடுவேன். வண்டிக்காரர் சும்மா நிற்கட்டும்.

துருவித் துருவி விசாரிப்பவருக்கு 'இன்குவிசிட்டிவ்லி' இருக்கிறது. 'கியூரியஸ்லி'யை மட்டும் பார்த்துப் போடுங்கள். வினையை ஒட்டி வந்தால் ஆவலோடு என்று பொருள். வாக்கியத்தின் தலையில் வந்து கமா போட்டால், 'விசித்திரம் என்னவென்றால்' என்று ஆகிவிடும்.

எழுதும்போது இசட் இரண்டு, கடைசியில் எல்லும் இரண்டு. சொல்லும்போது மூன்றே அசை: குவி-சிக்-லி. கடைசியில் இருக்கும் 'கலி' வாயில் 'க்லி' ஆகிவிடும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'குவிஸ்' என்றால் விசித்திரமான ஆள் என்று அர்த்தம். வினாடி வினா என்ற பொருளெல்லாம் பிற்பாடு வந்தது. விசித்திரமான ஒன்றைப் பார்க்கும் முகம் என்று நினைவு வைத்துக்கொண்டால் சொல் மறக்காது.

ஒரு கதைக்கு ஒரு தடவை போதும். புருவத்தை எழுதிவிட்டால் அந்த ஒன்றும் தேவைப்படாது. பையன் மூன்றையும் அடித்துவிட்டு, ஒடிந்த மஞ்சளையும் தூக்கிய புருவத்தையும் மட்டும் வைத்துக்கொண்டான். அதற்கடுத்த வரியில் தாத்தாவின் பதிலையும் சேர்த்தான்: "காயப் போட்டப்ப மழை புடிச்சுக்கிச்சுங்க."