‘பாக்கலாமுங்க’ளை இங்கிலீஷில் எழுதாதீர்கள்

போன வாரம் எங்கள் திருப்பூர் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த தம்பி, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் அடித்துக்கொண்டிருந்தார். தாராபுரம் பக்கத்துக்காரர், பி.காம். முடித்தவர், படுசுறுசுறுப்பு. எட்டிப் பார்த்தேன். கடைசி வரி: "வீ வில் ட்ரை அவர் பெஸ்ட்." எனக்குப் பகீரென்றது. மவுஸைப் பிடுங்காத குறைதான். இதே ஊரில் இதே ஐந்து சொல்லை எழுதி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஸ்பெல்லிங் தப்பு, இலக்கணத் தப்பையெல்லாம் இங்கே தொடப்போவதில்லை. அதற்குக் கம்ப்யூட்டரே கோடு போட்டுவிடும். கோடு விழாமல் தப்பித்துப் போகிறவைதான் ஆளைக் கவிழ்க்கும்.

வீ வில் ட்ரை அவர் பெஸ்ட்

நம் பக்கத்தில் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்லும் வழக்கம் கிடையாது. கோபியில் கல்யாணம், குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்று பத்திரிகை நீட்டினால் "பாக்கலாமுங்க." கைமாற்றாக ஐயாயிரம் கேட்டாலும் "பாக்கலாமுங்க." கேட்டவருக்கும் விஷயம் விளங்கிவிடும். நமக்காக யாரும் பந்தியில் இலை போட்டு வைத்துக் காத்திருக்க மாட்டார்கள். பல்லடம் முதல் காங்கேயம் வரை இது செல்லும். கடல் தாண்டினால் செல்லாது.

2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யல் ஆற்று மாசு வழக்கு. நூல் இருக்கிறது, நிட்டிங் ஓடுகிறது, துணிக்குச் சாயம் போட இடமில்லை. நான் அப்போது ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் ஆள். துணியை லாரியில் ஏற்றி வெளியூர்ப் பட்டறைகளுக்கு அனுப்பிவிட்டு, எப்போது திரும்பி வரும் என்று போனும் கையுமாக உட்கார்ந்திருப்போம். அந்த நேரம் பார்த்து ஜெர்மன் பையரிடமிருந்து மெயில்: 12,000 டி-ஷர்ட், மார்ச் 10-ந்தேதி கப்பலேறுமா?

ஏறாது. கட்டிங் மாஸ்டர் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் தெரியும். 24-க்கு முன்னால் பெட்டி கட்டவே முடியாது. ஆனால் அதை எப்படிப் பட்டென்று எழுதுவது? "வீ வில் ட்ரை அவர் பெஸ்ட் டு ஷிப் ஆன் டென்த் மார்ச்" என்று எழுதி அனுப்பினேன். என் மனசில் இருந்தது ‘பாக்கலாமுங்க’. அவர் படித்தது ‘10-ந்தேதி வந்துவிடும்’. தேதியை வேறு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேனே! அவருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை. சொல்லுக்குச் சொல் அர்த்தம் பார்த்துக் கடைகளுக்குத் தேதி சொல்லிவிட்டார்.

9-ந்தேதி ஷிப்பிங் டாக்குமென்ட் கேட்டு எழுதினார். நான் விளக்கம் எழுதினேன், ஒரு பக்கத்துக்கு. பதில் ஒரே வரி: "யூ கன்ஃபர்ம்டு தி டென்த்."

எங்களுடையது எஃப்ஓபி ஆர்டர்: சரக்கைக் கப்பலேற்றும் வரைதான் நம் செலவு, கப்பல் வாடகை பையர் பாடு. ஆனால் தாமதம் நம்முடையது, அதனால் விமானத்தில் அனுப்பு என்று சொல்லிவிட்டால் அந்தச் செலவு நம் தலையில். தூத்துக்குடியில் கப்பலேறியிருக்க வேண்டிய சரக்கு விமானம் ஏறியது. அந்த ஆர்டரின் லாபமும் கூடவே ஏறிப் போனது. முதலாளி திட்டவில்லை. "ஏனுங் தம்பி, முடியாதுன்னே எழுதியிருக்கலாமுல்லீங்க?" என்றார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். இன்றைக்கும் யாராவது அந்த வரியை எழுதினால் எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான்.

எழுத வேண்டியது இது: "ஐ ஆம் அஃப்ரெய்ட் வீ கேனாட் மேக் தி டென்த். தி எர்லியஸ்ட் வீ கேன் ஷிப் இஸ் 24 மார்ச்." முதல் வாக்கியம் முடியாது என்கிறது, இரண்டாவது எது முடியும் என்கிறது. முன்னால் நிற்கும் ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’டுக்கு இந்த இடத்தில் பயம் என்று அர்த்தமில்லை. ‘சொல்லச் சங்கடமாத்தானுங்க இருக்குது’ என்கிற தொனி. நம் ஊர் இங்கிதத்தையெல்லாம் அதற்குள் வைத்துவிடலாம்.

ஏற்றுமதிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கோயம்புத்தூரில் ஐடி வேலை பார்க்கும் என் மச்சினன் மகள், காலை 9 மணி மீட்டிங்குக்கு "வில் ட்ரை டு ஜாயின்" என்று போட்டுவிட்டுப் பழனிக்குப் போய்விட்டாள். மேனேஜர் அரை மணி நேரம் காத்திருந்திருக்கிறார். "ஐ வோன்ட் பி ஏபிள் டு ஜாயின் அட் நைன். கேன் வீ மேக் இட் த்ரீ?" என்று கேட்டிருந்தால் யாருக்கும் வருத்தமில்லை.

நோட்டட்

இதன் தங்கச்சி. ‘படித்துவிட்டேன்’ என்று நினைத்து நாம் போடுகிறோம், ‘ஒப்புக்கொண்டார்கள்’ என்று எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்கிறார். கலர் மாற்றம், விலைக் குறைப்பு கேட்டு வரும் மெயிலுக்குக் கை தவறியும் போடாதீர்கள். "ஐ வில் செக் அண்ட் ரிப்ளை பை டுமாரோ ஈவ்னிங்" போதும்.

ஐ ஹேவ் எ டவுட்

தமிழில் ‘சந்தேகம்’ இரண்டு வேலை பார்க்கும். கணக்கு வாத்தியாரிடம் கேட்பதும் சந்தேகம், பக்கத்துத் தோட்டத்துக்காரன் தேங்காயைப் பறித்துவிட்டானோ என்பதும் சந்தேகம். வெளிநாட்டுக்காரர் காதில் ‘டவுட்’ பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் விழும். "ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் பேமென்ட்" என்று எழுதினால், நீ பணம் தருவாயா என்று கேட்ட மாதிரி. ‘டவுட்’ வரும் இடத்தில் ‘கொஸ்டின்’ போடுங்கள்.

டூ தி நீட்ஃபுல்

‘ஆவன செய்யவும்’ என்று விட்டுவிடாமல், எதைச் செய்ய வேண்டும் என்பதை எழுதுங்கள்.

சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்

நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒருத்தருக்கும் வயிற்றுவலி வந்ததில்லை. எல்லோருக்கும் ஃபீவர்தான், மனப்பாடம் செய்த லீவ் லெட்டரில் அதுதான் இருந்தது. ஆபீசுக்கு அது வேண்டாம். "ஐ ஆம் நாட் வெல் அண்ட் வில் பி ஆன் லீவ் டுடே" என்று எழுதிவிட்டு, அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு பெயரைப் போட்டுவிடுங்கள்.

05/06

நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். லட்சமும் அப்படித்தான்: 1,50,000 என்று நாம் போடும் கமா அவர்களுக்குப் புரியாது, 150,000 என்று போடுங்கள்.

ப்ரீபோன்

தேதியை முன்னால் தள்ளி வைப்பதற்கு நாம் போடும் சொல். இந்தியாவோடு சரி.

சாரி

தாமதத்துக்கு நாம் எழுதும் மன்னிப்பு மூன்று வரி ஓடும். ‘எக்ஸ்ட்ரீம்லி சாரி’, ‘இன்கன்வீனியன்ஸ்’, ‘கைண்ட்லி கோஆப்பரேட்’ எல்லாம் இருக்கும், சரக்கு எப்போது வரும் என்பது மட்டும் இருக்காது. ஒரு சாரி, ஒரு காரணம், ஒரு தேதி, அவ்வளவுதான்.

தம்பி மெயிலை மாற்றி எழுதினார். தேதி சரியாக இருந்தது. அடியில் பழக்கதோஷத்தில் ஒரு ‘கைண்ட்லி கோஆப்பரேட்’ சேர்த்திருந்தார், அதையும் எடுக்கச் சொன்னேன்.

"மொட்டையா இருக்குதுங்ண்ணா."

"இருக்கட்டும், அனுப்புங்க."