மூன்று தயிர் டப்பாவில் செடிகளின் போட்டியைப் பார்ப்பது எப்படி?

உயிரினங்களின் போட்டி என்றால் என்ன என்று அக்கா மகளிடம் கேட்டேன். "புலி மானைத் துரத்துறது சித்தி" என்றாள். அது வேட்டை. ஒரே தேவையுள்ள இரண்டு உயிர்கள், பற்றாக்குறையான ஒன்றுக்காக முட்டிக்கொள்வதுதான் போட்டி. பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டை மாடியிலேயே அவளுக்கு அதைக் காட்டினேன். நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதலில், ஒரே அளவுள்ள மூன்று தயிர் டப்பாக்களின் அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து சம அளவில் நிரப்புங்கள். இரவு ஊறவைத்த வெந்தயத்தை முதல் டப்பாவில் 4, அடுத்ததில் 20, கடைசியில் 60 என்று தூவி, லேசாக மண் மூடுங்கள். எந்த டப்பாவில் எத்தனை விதை என்று எழுதி ஒட்ட மறக்காதீர்கள்.

அப்புறம் மூன்றுக்கும் ஒரே வெயில், ஒரே அளவு தண்ணீர். நெருக்கமான டப்பா சீக்கிரம் காய்கிறதே என்று பரிதாபப்பட்டுக் கூடுதலாக ஊற்றினால் சோதனை கெட்டுவிடும்.

முதல் சில நாள் வித்தியாசமே தெரியாது. விதை தோலைத் தொப்பிபோல மாட்டிக்கொண்டு எல்லாம் ஒன்றுபோலவே எழும்பும். விதையிலையில் இருக்கும் சேமிப்பு தீரும்வரை யாருக்கும் யாரும் எதிரியில்லை. அது தீர்ந்த பிறகு தினமும் பாருங்கள். 60 விதை போட்ட டப்பாவில் தண்டுகள் நூல்போல நீளும். பக்கத்து இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிட்டு, சிவப்புக்கு அடுத்து, நம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத தூரச் சிவப்பு ஒளியைத் திருப்பிவிடுகின்றன. அந்த மாற்றத்தை உணரும் செடி, இலையைப் பெருக்குவதை விட்டு வெளிச்சத்துக்காக உயர ஓடுகிறது. பின்தங்கியது நிழலில் வெளுத்துச் சாயும்.

ரஷ்ய உயிரியலாளர் காஸ், பரமீசியம் என்ற ஒரு செல் உயிரியின் இரண்டு இனங்களை ஒரே உணவில் சேர்த்து வளர்த்த சோதனையை 1934இல் வெளியிட்டார். ஒன்று நிலைத்தது, மற்றது அழிந்தது. நம் டப்பாவிலோ எல்லாமே வெந்தயம். ஒரே ஆழத்தில் வேர், ஒரே சத்து, ஒரே நேரம். அதனால்தான் சொந்த இனத்துக்குள் நெருக்கடி இவ்வளவு கடுமை.

ஒரு மாதம் கழித்து மண்ணைத் தண்ணீரில் அலசி வேரைப் பாருங்கள். எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். 4 செடியும் தனித்தனியாக வரும். 60இல் வேர்கள் பின்னிக்கொண்டு, டப்பாவின் அடி வடிவிலேயே பாய்போலப் பெயரும். கீரையையும் தராசில் வையுங்கள்: 20ஐவிட மூன்று மடங்கு விதை போட்டும் எடை மூன்று மடங்காகியிருக்காது.

இன்னொரு டப்பா இருந்தால் அதிலும் 60 போட்டு, பத்தாம் நாள் நான்கை மட்டும் விட்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள். மிஞ்சியவற்றின் தண்டு எப்போது தடிக்கத் தொடங்குகிறது என்று குறித்து வையுங்கள். பிடுங்கியது அன்றைய பருப்புக்கு.