பழைய டிராக்டர் எஞ்சினுக்கு எந்த கேம்ஷாஃப்ட் கிரைண்ட்?

எஞ்சினைப் பிரித்து பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் முடிவானபின் கடைசியாகத்தான் பலருக்கும் கேம்ஷாஃப்ட் நினைவுக்கு வரும். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு அது. அதில் வால்வைத் தூக்கும் மேடான லோப் தேய்ந்திருக்கும். கிரைண்டிங்குக்கு எடுத்துப் போனால், "எந்த கிரைண்ட் வேண்டும்?" என்று கேட்பார்கள். கார் எஞ்சினை மனதில் வைத்துப் பதில் சொன்னால் டிராக்டர் இழுவையை இழந்துவிடும்.

கிரைண்ட் என்பது லோபின் வடிவம். வால்வை எவ்வளவு உயரம் தூக்குகிறது (லிஃப்ட்), க்ராங்க் எத்தனை டிகிரி சுற்றும்வரை திறந்து வைக்கிறது (டியூரேஷன்), எப்போது மூடுகிறது என்ற மூன்றும் அதில் அடக்கம். டிராக்டருக்கு மூன்றாவதுதான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

படி 1: வேலை செய்யும் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஃபார்மால் எம் டிராக்டர் முழு வேகத்தில் 1450 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஓடும், ஃபார்மால் எச் 1650. இரண்டு சிலிண்டர் ஜான் டியர் மாடல் ஏ 975-தான். லோடு இழுக்கும்போது கவர்னர் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) அதற்குமேல் ஓடவிடாது. 3000 ஆர்.பி.எம்.மில் சக்தி தரும் கேம் இங்கே எதற்கும் உதவாது.

படி 2: இன்டேக் வால்வு மூடும் டிகிரியைப் பாருங்கள்

பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலேறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு (காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை உள்ளே விடுவது) கொஞ்ச நேரம் திறந்திருக்கும். வேகமாக ஓடும் எஞ்சினில் உள்ளே வரும் காற்றுக்கு உந்துதல் இருப்பதால் அது நல்லது. மெதுவாக ஓடும் எஞ்சினில் அந்த உந்துதல் குறைவு. உள்ளே வந்த கலவையை பிஸ்டன் திரும்ப வெளியே தள்ளிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடிமட்டத்துக்கு அப்புறம் 30 டிகிரியில் வால்வு மூடினால் பிஸ்டன் ஸ்ட்ரோக்கில் ஏறத்தாழ 5 சதவீதம்தான் ஏறியிருக்கும். 60 டிகிரியில் மூடினால் கிட்டத்தட்ட 20 சதவீதம் ஏறிவிடும். கனெக்டிங் ராடின் நீளத்தைப் பொறுத்து இது சற்று மாறும். கம்ப்ரஷன் விகிதம் (கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற அளவு) 5.5 என்று வைத்துக்கொண்டால், முதல் கேமில் உண்மையில் கிடைப்பது சுமார் 5.3. இரண்டாவதில் 4.6 மட்டுமே. மண்ணெண்ணெய்க்காகச் செய்த எஞ்சின்களில் விகிதம் ஏற்கெனவே குறைவு என்பதால் அவற்றுக்கு அடி இன்னும் பலமாக விழும்.

ஆகவே மேனுவலில் உள்ள மூடும் டிகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய கிரைண்ட் அதைவிட 5 டிகிரிக்குமேல் தாமதமாக மூடினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டியூரேஷன் கூடும்போது இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரமும் வழக்கமாகக் கூடும். ஐடிலிங் தடுமாறும், கையால் சுற்றி ஸ்டார்ட் செய்வதும் கஷ்டமாகும். இழுவைப் போட்டிக்காக கவர்னரை மாற்றி வேகம் கூட்டிய டிராக்டர் என்றால் கணக்கே வேறு.

படி 3: கையிலிருக்கும் கேமை அளந்து பாருங்கள்

மைக்ரோமீட்டரால் லோபின் உச்சியிலிருந்து அடிவரை ஒரு அளவு, குறுக்காக ஒரு அளவு. இரண்டின் வித்தியாசம்தான் லோப் லிஃப்ட். எல்லா லோபையும் அளந்தால் எது தேய்ந்தது என்று தெரிந்துவிடும். பேரிங்கில் சுழலும் பகுதிகளான ஜர்னல்களையும் விடாதீர்கள்.

அதே கேமைத் திரும்ப கிரைண்ட் செய்யும்போது லோபின் அடிவட்டம் (மேடில்லாத வட்டப் பகுதி) சிறிதாகும். லோப் மேல் உட்கார்ந்து வால்வைத் தள்ளும் டேப்பட் அந்த அளவு கீழே இறங்கி நிற்கும். அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ இருந்தால் சரிசெய்துவிடலாம். ஃபோர்டு 9என் டிராக்டர் எஞ்சினில் முதலில் வந்த டேப்பட்களில் ஸ்க்ரூ கிடையாது. அதில் அட்ஜஸ்ட் செய்யக்கூடிய டேப்பட் போட வேண்டியிருக்கும்.

படி 4: லிஃப்ட் கூட்டினால் இடைவெளிகளைச் சோதியுங்கள்

வால்வு லிஃப்ட் என்பது லோப் லிஃப்ட்டை ராக்கர் விகிதத்தால் (வால்வை அழுத்தும் நெம்புகோல் அசைவை எத்தனை மடங்காக்குகிறது) பெருக்கி, டேப்பட் கேப்பை (வால்வு மூடியிருக்கும்போது விடும் சிறு இடைவெளி) கழித்தது. முழுதாகத் திறந்த நிலையில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல், மொத்தமாகக் குறைந்தது 1.5 மி.மீ. சுருங்க இடம் இருக்கட்டும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இன்டேக்கில் 2, எக்ஸாஸ்ட்டில் 2.5 மி.மீ. வேண்டும். ஃபோர்டு 9என் போன்ற, சிலிண்டருக்குப் பக்கத்தில் வால்வு இருக்கும் சைடு வால்வு எஞ்சினில் வால்வு முட்டக்கூடியது சிலிண்டர் ஹெட்டில். அங்கே களிமண் வைத்து, கையால் சுற்றிப் பாருங்கள்.

படி 5: எழுதிக் கொடுங்கள்

மாடல், எரிபொருள், வேலை வேகம், கம்ப்ரஷன் விகிதம், வேண்டிய லிஃப்ட், இன்டேக் மூடும் டிகிரி. வாய்வார்த்தையாகச் சொன்னால் ஏதாவது விட்டுப்போகும். இரண்டு கேம்களின் கேட்லாக் டியூரேஷனை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே லிஃப்ட்டிலிருந்து அளந்தவையா என்று பாருங்கள், 0.050 அங்குலத்தில் அளந்த எண் எப்போதும் சிறியதாகவே இருக்கும்.

படி 6: பொருத்துவது

கிரைண்ட் செய்த கேமில் தேய்ந்த டேப்பட்களை அப்படியே போடாதீர்கள். முகத்தைச் சரிசெய்யுங்கள், அல்லது புதிதாகப் போடுங்கள். டைமிங் மார்க் சேர்ந்தால் மட்டும் போதாது. டிகிரி வீலும் (க்ராங்க் சுற்றிய டிகிரியைக் காட்டும் வட்டு) டயல் கேஜும் (சிறு அசைவை அளக்கும் கருவி) வைத்து இன்டேக் மூடும் இடத்தை நேரில் பாருங்கள்.

லோபில் அசெம்பிளி லூப் தடவி, துத்தநாகம் சேர்த்த பிரேக்-இன் ஆயில் ஊற்றுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் வேகமாகவே 20 நிமிடம் ஓட்டுங்கள். அப்புறம் சூடு ஆறுவதற்குள் டேப்பட் கேப் வையுங்கள்; ஃபார்மால் எம்முக்கு அது 0.017 அங்குலம்.