சுட்டியை (மவுஸ்) ஒதுக்கிவிட்டு ஓர் இணையதளத்தைச் சோதிப்பது எப்படி?

ஓர் இணையதளத்தை மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் பயன்படுத்த முடிகிறதா என்பதை முகப்புப் பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. ஒருவர் எந்த வேலைக்காக அங்கே வருகிறாரோ அந்த வேலையை, எடுத்துக்காட்டாகப் பயணச்சீட்டு முன்பதிவை, பணம் செலுத்தும் கட்டம் வரை செய்து பார்க்க வேண்டும். அளவுகோலாக, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2023 அக்டோபரில் வெளியிட்ட டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 என்னும் இணைய அணுகல் நெறிமுறையின் மூன்று நிலைகளில் நடுவிலுள்ள 'ஏஏ' நிலையைக் கொள்ளலாம்.

முதலில் விசைப்பலகையால் மட்டும் அந்த வேலையைச் செய்யுங்கள். டேப் விசையை அழுத்த அழுத்த, நாம் எந்த இணைப்பில் நிற்கிறோம் என்று காட்டும் கட்டம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். திறந்த சிறுசாளரத்திலிருந்து வெளியே வரவும் முடிய வேண்டும். அழகைக் கெடுக்கிறது என்று அந்தக் கட்டத்தை நீக்கிவிடும் வடிவமைப்பாளர்கள், சுட்டியின் அம்புக்குறியை யாராவது மறைத்தால் பொறுத்துக்கொள்வார்களா என்பது ஐயமே.

அடுத்து, திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான, இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானை விண்டோஸ் கணினியில் நிறுவி, திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் என்ன நிரப்ப வேண்டும் என்று அது சொல்கிறதா, பிழைச் செய்தி சிவப்புக் கோடாக மட்டுமல்லாமல் குரலாகவும் வருகிறதா என்று கவனியுங்கள்.

தமிழ்த் தளங்களில் இந்தச் சோதனையில்தான் தனிச் சிக்கல்கள் வெளிப்படும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இட்ட பக்கத்தில் 'தமிழ்' என்று கண்ணுக்குத் தெரியும் சொல், கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகியவற்றின் வரிசைதான். திரைவாசிப்பானும் அதையே உளறும். ஒவ்வொரு எழுத்துக்கும் உலகப் பொதுக் குறியீடு தரும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றுவதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. ஒருங்குறியில் இருந்தாலும், பக்கத்தின் மூலநிரலில் மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருந்தால், வாசிப்பு ஆங்கிலக் குரலிடம் போய்விடக்கூடும். வருடி (ஸ்கேன் செய்து) ஏற்றிய பிடிஎஃப் அறிவிப்புகளையும் திறந்து, அதில் உள்ள ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். அகப்படாவிட்டால் அது பெரும்பாலும் வெறும் படம்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிறவேறுபாடு குறைந்தது 4.5:1, பெரிய எழுத்தென்றால் 3:1 இருக்க வேண்டும். பக்கத்தை 400 விழுக்காடு பெரிதாக்கினாலும் படிக்க முடிகிறதா என்றும், காணொளிகளில் வசனவரி உண்டா என்றும் பாருங்கள்.

பக்கத்தின் அணுகல் குறைகளைத் தேடித் தரும் வேவ் போன்ற தானியங்கிக் கருவிகள் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் படத்துக்கு மாற்றுரை (அதை விவரிக்கும் உரை) இருக்கிறதா என்று சொல்லும் கருவியால், அந்த உரை பொருளுள்ளதா என்று சொல்ல முடியாது. ஆகவே, திரைவாசிப்பானை நாள்தோறும் பயன்படுத்தும் ஒருவரை, உரிய ஊதியம் தந்து, அதே வேலையைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் எந்தப் படியில் நின்றுபோனார் என்பதே அறிக்கையின் முதல் வரியாக இருக்கட்டும்.