தொடக்கப் பள்ளியில் பாகுபாட்டைத் தடுப்பது எப்படி: தலைமையாசிரியர்களுக்கான வழிகாட்டி

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘தீண்டாமை ஒரு பாவச்செயல்’ என்று தொடங்கும் மூன்று வரிகள் நெடுங்காலமாக அச்சிடப்பட்டு வருகின்றன. ஆண்டுதோறும் ஜனவரி 30 அன்று தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழியும் எடுக்கப்படுகிறது. ஆனால் ஒன்றாம் வகுப்புக் குழந்தை அந்த வரிகளை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் முன்பே, எந்தத் தெருப் பிள்ளைகள் எங்கே உட்காருகிறார்கள், துடைப்பத்தை எடுத்து வரச் சொல்லி ஆசிரியர் யாரை அழைக்கிறார், தண்ணீர்க் குடத்தருகே யார் தயங்கி நிற்கிறார்கள் என்பதையெல்லாம் கவனித்துவிடுகிறது. தொடக்கப் பள்ளியில் சமத்துவம் என்பது பெரும்பாலும் இத்தகைய அன்றாட ஏற்பாடுகளைப் பொறுத்ததே. ஏற்பாடுகளை மாற்றும் அதிகாரம் தலைமையாசிரியரிடம் இருப்பதால், ஈராசிரியர் பள்ளியிலும் நடைமுறைப்படுத்தக் கூடியவற்றை மட்டுமே இங்கே தொகுத்துள்ளேன்.

சட்டப் பின்புலம் சுருக்கமானது. அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது உறுப்பு சாதி, மதம், பாலினம், பிறப்பிடம் முதலியவற்றின் அடிப்படையில் அரசு பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. 17ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழிக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், நலிந்த பிரிவினரின் குழந்தைகள் பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் பார்த்துக்கொள்ளும் கடமையை அரசின் மீதும் உள்ளாட்சி அமைப்பின் மீதும் சுமத்துவதோடு, 17ஆவது பிரிவில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சாதிப் பகையால் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்டதைத் தொடர்ந்து ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைக்கப்பட்ட ஒருநபர் குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையை அரசிடம் அளித்தது. அந்த அறிக்கையை உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கானது என்று தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஒதுக்கி வைப்பது சரியன்று. பதினைந்து வயதில் வெளிப்படும் வெறுப்பின் பழக்கங்கள் பலவும் ஐந்தாறு வயதிலேயே படிந்துவிடுகின்றன.

சேர்க்கையும் பதிவேடுகளும்

பிறப்புச் சான்றிதழோ மாற்றுச் சான்றிதழோ சாதிச் சான்றிதழோ இல்லை என்பதற்காக எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது. வயதுச் சான்று இல்லாததைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு தெளிவாகக் கூறுகிறது. செங்கல் சூளைகளில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும், சான்றிதழுக்காக ஆண்டுக்கணக்கில் அலையும் இருளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இந்தப் பிரிவே பள்ளியின் வாசலைத் திறந்து விடுகிறது. சாதி, மதம் குறித்த கட்டங்களை நிரப்ப விரும்பாத பெற்றோர் அவற்றை வெறுமையாக விடலாம் என்று 1973இலேயே அரசாணை வெளியிடப்பட்டது. 2000இல் அது மீண்டும் வலியுறுத்தப்பட்டது. ஆயினும் அப்படிக் கேட்கும் பெற்றோரிடம் வாதாடும் பள்ளிகள் இன்றும் உள்ளன. அதே வேளையில், கட்டத்தை வெறுமையாக விட்டால் இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் பின்னர் எப்படிப் பாதிக்கப்படும் என்பதைப் பெற்றோரிடம் விளக்கிவிட்டு முடிவை அவர்களிடமே விட வேண்டும்.

வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய குறிப்பு எதுவும் இருக்கக் கூடாது என்பது சந்துரு குழுவின் பரிந்துரைகளுள் ஒன்று. பள்ளிக் கல்வித் துறையின் இணையவழித் தகவல் தளமான எமிஸில் பதிவேற்றுவதற்காகத் திரட்டும் சாதி, வருமான விவரங்களைத் தலைமையாசிரியர் தம் பொறுப்பிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்; வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லி அவற்றைக் கேட்டுக் குறிப்பது அறவே கூடாது. உதவித்தொகை அறிவிப்புகளில் கூடுதல் கவனம் தேவை. சுகாதாரக் குறைவான தொழில் புரிவோரின் குழந்தைகளுக்கென ஓர் உதவித்தொகை உண்டு. அந்தத் தலைப்பை வகுப்பில் உரக்கப் படித்துப் பெயர்களையும் அழைத்தால், உதவி வந்து சேரும் முன்பே அந்தக் குழந்தைக்கு அவமானம் வந்து சேர்ந்துவிடும். பெற்றோரைத் தனியே அழைத்து, படிவத்தை நிரப்பித் தந்து, பணம் வங்கிக் கணக்கில் சேர்ந்ததையும் தனியாகவே தெரிவிப்பது எவருக்கும் கடினமான வேலை அன்று.

இருக்கை, வேலை, குடிநீர்

குழந்தைகள் தாமே இடம் தேர்ந்தெடுத்தால் தெரு வாரியாகவே உட்காருவார்கள். அதை நட்பு என்று நினைத்து ஆசிரியர் விட்டுவிடுவதும் இயல்பு. அகர வரிசையில் அமர்த்த வேண்டும் என்று குழு பரிந்துரைத்துள்ளது. தொடக்கப் பள்ளியைப் பொறுத்தவரை அதை ஒரு தொடக்கமாக மட்டும் கொண்டு, வாரந்தோறும் வரிசையை ஓர் இடம் நகர்த்தி அமர்த்துவது மேலும் பயன் தரும் என்பது என் கருத்து. பார்வை, செவித்திறன் குறைபாடுள்ள குழந்தைகளை மட்டும் தேவைக்கேற்ப முன்னால் நிலையாக அமர்த்தலாம். காரணத்தைச் சுவரில் ஒட்ட வேண்டியதில்லை. சுழற்சிப் பட்டியலை ஒட்டினால் போதும். பெற்றோர் எவரேனும் தம் பிள்ளையை இடம் மாற்றச் சொல்லி வந்தால், ஆசிரியர் அந்தப் பட்டியலையே பதிலாகக் காட்டலாம்.

வேலைப் பங்கீட்டிலும் அதே முறையைப் பின்பற்ற வேண்டும். கரும்பலகை துடைப்பது, வருகைப் பதிவேட்டை எடுத்துச் செல்வது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, காலை வணக்கக் கூட்டத்தில் திருக்குறள் சொல்வது, வகுப்பறையைப் பெருக்குவது ஆகிய அனைத்தையும் ஒரே பட்டியலில் எழுதி எல்லாப் பெயர்களையும் சுழல விட வேண்டும். மதிப்புள்ள வேலைகளை ஒரு பட்டியலிலும் அழுக்கு வேலைகளை வேறொரு பட்டியலிலும் பிரித்து எழுதினால், பாகுபாடு அந்தப் பிரிவின் வழியாகவே நுழைந்துவிடும். பெண் குழந்தைகள் கோலமிடவும் பெருக்கவும், ஆண் குழந்தைகள் பெஞ்சு தூக்கவும் மணி அடிக்கவும் என்றுள்ள வழக்கமும் இந்தச் சுழற்சியில் தானாகக் கரைந்துபோகும்.

கழிப்பறையைச் சுத்தம் செய்யும் வேலை மட்டும் எந்தக் குழந்தையின் பெயரிலும் எந்தப் பட்டியலிலும் வரக் கூடாது. தூய்மைப் பணியாளர் வராத நாட்களில் ஊராட்சிக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும்; அதுவரை பெரியவர்கள் வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும். தூய்மைப் பணியாளரைக் குழந்தைகள் பெயர் சொல்லி அழைக்கும் பள்ளிகளில், மற்றப் பெரியவர்களை அழைப்பது போல ‘அக்கா’, ‘அம்மா’ என்று அழைக்கும்படி பழக்குவதும், ஆசிரியர் அறையில் அவருக்கெனத் தனி டம்ளர் வைக்கப்பட்டிருந்தால் அதை அன்றே அகற்றுவதும் தலைமையாசிரியரின் வேலையே.

குடிநீரைப் பொறுத்தவரை, கொஞ்ச நேரம் ஓரமாக நின்று பார்த்தாலே பல செய்திகள் தெரிந்துவிடும். ஒரு குழந்தை குடித்து வைத்த டம்ளரை அடுத்த குழந்தை கழுவிய பிறகே எடுத்தால், அது சுகாதாரப் பழக்கம்தானா அல்லது குறிப்பிட்ட சில குழந்தைகளுக்குப் பின்னால் மட்டும் நிகழ்கிறதா என்று கவனிக்க வேண்டும். எல்லோரும் எப்போதும் கழுவியே எடுப்பது என்ற பொது விதி அந்த வேறுபாட்டை மறையச் செய்யும்.

உணவு நேரம்

சமத்துவம் உண்மையில் சோதிக்கப்படுவது பந்தியில்தான். 1920இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956இல் காமராசர் ஆட்சியிலும் 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் விரிவடைந்து, 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டமாகவும் வளர்ந்துள்ள பள்ளி உணவு பசியைப் போக்கியதோடு பல சாதிக் குழந்தைகளையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தது. எதிர்ப்பும் அந்த வரிசையில்தான் வெளிப்படுகிறது. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவினாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் பட்டியலினப் பெண் சமைக்கக் கூடாது என்று சிலர் எதிர்த்தபோது, முதலில் அந்தச் சமையலரே இடமாற்றம் செய்யப்பட்டார். கண்டனம் எழுந்த பிறகு அந்த உத்தரவு ரத்தானது. 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில் குழந்தைகள் காலை உணவைத் தவிர்த்தபோது, அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் நேரில் வந்து அவர்களோடு அமர்ந்து உண்டார்கள்.

அமைச்சர் வர வேண்டிய நிலை ஏற்படாமல் இருக்க எளிய வழி ஒன்று உண்டு. பரிமாறும் முன் ஆசிரியர் உணவைச் சுவைத்துப் பார்ப்பது ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. அதைப் பதிவேட்டில் கையொப்பமிடும் சடங்காக விட்டுவிடாமல், நாள்தோறும் ஓர் ஆசிரியராவது குழந்தைகளோடு பந்தியில் அமர்ந்து அதே உப்புமாவையோ சாம்பார் சாதத்தையோ உண்ண வேண்டும். தட்டுகளைப் பள்ளியிலேயே பொதுவாக அடுக்கி வைத்து எடுத்துக்கொள்ளச் செய்ய வேண்டும். வகுப்பு வரிசைப்படி உட்கார வைத்து, பரிமாறத் தொடங்கும் முனையை நாள்தோறும் மாற்ற வேண்டும். சமையலரை மாற்றச் சொல்லி யார் வந்தாலும் அதைப் பேச்சுவார்த்தைக்குரிய கோரிக்கையாக ஏற்கக் கூடாது. வந்தவரின் பெயர், நாள், சொன்ன சொற்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அன்றே வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத வேண்டும். தம் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரிடம் கடுமை தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பதால், அந்தத் தாய்மார்களில் சிலரை ஒரு நாள் பந்திக்கு அழைத்து உட்கார வைப்பது சுற்றறிக்கையை விட விரைவாக வேலை செய்யும்.

வகுப்பறையில் ஒட்டிக்கொள்ளும் முத்திரைகள்

தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் வளர்க்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகள் பிரிக்கப்படுகிறார்கள். கற்பித்தலுக்கு அது பயனுள்ள ஏற்பாடே. ஆனால் ஆண்டு முழுவதும் அதே குழந்தைகள் அரும்பிலேயே இருந்து, அவர்களில் பெரும்பாலோர் ஒரே தெருவைச் சேர்ந்தவர்களாகவும் இருந்தால், அந்தப் பட்டியலைத் தலைமையாசிரியர் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் யார் நிலை மாறினார், யார் மாறவில்லை என்பதை ஆசிரியரோடு உட்கார்ந்து பேசி, மாறாதவர்களின் வருகையையும் வீட்டுச் சூழலையும் ஆராய வேண்டும்.

ஆசிரியரின் வாய்ச்சொல்லிலும் விழிப்பு வேண்டும். சாதிப் பெயரைச் சொல்லாமலே ‘காலனிப் பிள்ளைகள்’ என்று குறிப்பிடும் வழக்கம் வகுப்பறைகளில் உண்டு. அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் பயன்பாட்டிலிருந்தும் ‘காலனி’ என்னும் சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். வகுப்பறை அதற்கு முன்பே அதைக் கைவிட்டிருக்க வேண்டும். நரிக்குறவர் குழந்தையை இனப் பெயராலும், பீகாரிலிருந்து திருப்பூருக்கு வந்த பின்னலாடைத் தொழிலாளியின் குழந்தையை ‘இந்திக்காரன்’ என்றும் அழைப்பதும் இதே வகைதான். அந்தக் குழந்தையிடம் ஒன்றிலிருந்து பத்து வரை அதன் மொழியில் சொல்லக் கேட்டு, வகுப்பே அதைத் திருப்பிச் சொன்னால், தெரியாதவன் என்ற பெயர் ஒரு நாளிலாவது இடம் மாறும்.

நிறம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆண்டு விழா நடனத்தில் முன்வரிசைக்கும், விருந்தினருக்குப் பூங்கொத்துக் கொடுப்பதற்கும் வெளுத்த நிறமுடைய குழந்தைகளையே தேர்ந்தெடுப்பது பலருக்கும் பாகுபாடாகவே தோன்றுவதில்லை. சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்தால் எவரும் குறை சொல்ல இயலாது.

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளை மற்றவர்களோடு சேர்த்துக் கற்பிப்பது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி பள்ளியின் கடமையாகும். வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளில் மட்டும் அந்தக் குழந்தையைக் கவனித்துவிட்டு, மற்ற நாட்களில் ஒரு மூலையில் வண்ணம் தீட்டச் சொல்லி விடுவது சேர்த்துக் கற்பித்தல் ஆகாது. சிறப்புப் பயிற்றுநரிடம் அடுத்த வருகை வரை வகுப்பாசிரியர் செய்ய வேண்டியவற்றை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். விளையாட்டு வேளையில் ‘நீ உட்கார்ந்து பார்’ என்று சொல்லாமல், அக்குழந்தையும் ஆடும்படி விதிகளை மாற்றிக்கொள்ள வேண்டும்.

புகார் வரும்போது

அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற பெயரில் புகார்ப் பெட்டிகள் உள்ளன. எழுதத் தெரியாத வயதினருக்கு அவற்றால் பயன் குறைவு. வாரத்தில் ஒரு நாள் குழந்தைகளை வட்டமாக அமர்த்தி, அந்த வாரம் யாருக்கு எது வருத்தம் தந்தது என்று சொல்ல வைப்பதும், படம் வரையச் சொல்லிக் கேட்பதும் அதிகம் வெளிக்கொணரும். 14417 என்ற கல்வி உதவி எண்ணையும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் பெற்றோர் பார்க்கும்படி வாசலருகே எழுதி வைக்க வேண்டும்.

‘அவன் தொட்டதை நான் சாப்பிட மாட்டேன்’ என்று ஏழு வயதுக் குழந்தை சொன்னால், முதலில் கவனிக்க வேண்டியது அதைக் கேட்ட குழந்தையை. நடந்ததை எல்லோர் முன்னிலையிலும் மீண்டும் சொல்லச் சொல்லக் கூடாது. தனியே அழைத்து, உன் மீது தவறில்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சொன்ன குழந்தையை அடிப்பது சட்டப்படி குற்றம் என்பதோடு, அதன் மனத்தில் அந்தச் சொல்லை இன்னும் ஆழமாகப் பதித்துவிடும். அதை எங்கே கேட்டாய் என்று பொறுமையாகக் கேட்டால் பெரும்பாலும் வீட்டில் உள்ள ஒரு பெரியவரின் பெயர் வரும். பேச வேண்டியது அவரோடுதான். இருவரையும் கைகுலுக்க வைத்து முடித்துவிட்டதாக எண்ணும் வழக்கம் ஆசிரியருக்கு நிம்மதி தருகிறதே தவிரப் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு எதையும் தருவதில்லை. சாதியைக் காட்டும் வண்ணக் கயிற்றைக் கையில் கட்டி வரும் குழந்தையிடமும் இதே நிதானம் தேவை. எல்லோர் முன்னும் அறுத்தெறியாமல், பெற்றோரை வரவழைத்து அவர்கள் கையாலேயே கழற்றச் செய்யலாம்.

பாகுபாடு காட்டியவர் பெரியவர் என்றால், அவர் ஆசிரியரே ஆனாலும், உள்ளுக்குள் சமரசம் பேசி முடிக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு இல்லை. பட்டியலினத்தவரையோ பழங்குடியினரையோ அச்சமூகத்தைச் சாராத ஒருவர் பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றமாகும். எனவே குழந்தை சொன்ன சொற்களை மாற்றாமல் எழுதி, நாளையும் உடனிருந்தவர்களையும் குறித்து, வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பி, பெறுகை ஒப்புதலைக் கோப்பில் வைக்க வேண்டும். காவல் நிலையத்தில் புகாரளிக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புகார் அளித்த குடும்பத்தின் பிள்ளை அடுத்த சில வாரங்கள் தவறாமல் பள்ளிக்கு வருகிறதா என்று தலைமையாசிரியரே நேரில் கவனிப்பது நல்லது.

பணியிட மாறுதல் வரும்போது இருக்கைப் பட்டியல், வேலைச் சுழற்சிப் பட்டியல், சம்பவப் பதிவேடு ஆகிய மூன்றையும் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சேர்த்து, அடுத்து வருபவரிடம் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். அவற்றின் ஒரு படி பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரிடமும் இருக்கட்டும்.