டாலஸ் டு கொலராடோ: வழியில் நாம் கவனிக்காத ஸ்டேட் பார்க்கைக் கண்டுபிடித்து டென்ட் போடுவது எப்படி?

பள்ளி லீவு விட்டதும் டாலஸ் பக்கம் இருக்கும் நம்மவர்களில் பாதிப்பேர் கொலராடோவுக்கு வண்டி கட்டிவிடுவார்கள். 287-ஆம் எண் சாலையைப் பிடித்து அமரில்லோ, அங்கிருந்து ராட்டோன், அப்புறம் கொலராடோ ஸ்பிரிங்ஸ். நிற்காமல் ஓட்டினாலே 12 மணி நேரம் ஆகிவிடும். நடுவில் அமரில்லோவில் ஒரு மோட்டலில் படுத்து எழுந்து, காலையில் ஆறிப்போன வாஃபிள் சாப்பிட்டுக் கிளம்புவோம். நாங்களும் இரண்டு முறை அப்படித்தான் போனோம். அந்த மோட்டல் இரவை மட்டும் டென்ட் இரவாக மாற்றினால் போதும், கேம்பிங் பழகிவிடலாம். முதல்முறை செய்பவர்களுக்காக நான் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. போகிற இடத்தை விடுங்கள், பாதி வழியைப் பாருங்கள்

வரைபடத்தில் வீட்டிலிருந்து நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் வரும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருந்தால் நான்கே போதும். அந்த இடத்தில் சாலையின் இரு பக்கமும் 50 மைல் வரை பச்சைத் திட்டுகளைத் தேடுங்கள். நம் வழியில் அப்படிப் பார்த்தால் குவானாவுக்குத் தெற்கே 12 மைலில் காப்பர் பிரேக்ஸ் வரும். எஸ்டலினில் இடப்பக்கம் திரும்பி 40 மைல் போனால் கேப்ராக் கேன்யன்ஸ். இன்னும் தள்ளி, நியூ மெக்சிகோவுக்குள் நுழைந்ததும் கிளேட்டன் லேக். மூன்றும் ஸ்டேட் பார்க், அதாவது மாநில அரசின் பூங்கா.

இவை ஏன் கண்ணில் படுவதில்லை? தேசியப் பூங்காக்களுக்கு மத்திய அரசின் ஒரே முன்பதிவுத் தளம் இருக்கிறது. எல்லோரும் அதில் தேடிவிட்டு 'இடம் இல்லை' என்று மூடிவிடுகிறார்கள். மாநிலப் பூங்காக்கள் பொதுவாக அதில் வராது. டெக்சஸுக்கு ஒரு தளம், நியூ மெக்சிகோவுக்கு ஒன்று, கொலராடோவுக்கு ஒன்று. ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஒரு காபியோடு உட்காருங்கள்.

2. பெரிய பெயருக்குப் பக்கத்தில் தேடுங்கள்

இதுதான் என் முக்கியமான சூத்திரம். பேலோ டூரோ கேன்யன் எல்லோருக்கும் தெரியும். அமரில்லோவிலிருந்து அரை மணி நேரம், அதனால் வார இறுதியில் நெரிசல். அதே செம்மண் விளிம்பு தெற்கே நீண்டு போய், கிட்டிக்வே என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் கேப்ராக் கேன்யன்ஸாக நிற்கிறது. (எழுத்துக்கூட்டிப் படித்தால் ஊர்ப் பெயர் 'குவிட்டாக்' என்று வரும். உள்ளூர்க்காரர்கள் சொல்வது 'கிட்டிக்வே'.) அதே சிவப்புப் பாறை, நடுவில் வெள்ளை ஜிப்சம் கோடுகள். பெரிய நெடுஞ்சாலை பக்கத்தில் இல்லை, பெரிய ஊரும் இல்லை. அதனாலேயே கூட்டம் குறைவு.

போதாததற்கு, அங்கே டெக்சஸ் மாநிலத்தின் அதிகாரப்பூர்வக் காட்டெருமை (பைசன்) மந்தை இருக்கிறது. 1870-களில் வேட்டைக்காரர்கள் இந்தச் சமவெளி எருமைகளைக் கிட்டத்தட்ட அழித்துவிட்ட சமயம், சார்லஸ் குட்நைட் என்ற பண்ணையார் தன் மனைவி மேரி ஆன் சொன்னதைக் கேட்டு சில கன்றுகளைப் பிடித்து வளர்த்தார். அவற்றின் வம்சம் 1997-இல் இந்தப் பூங்காவுக்கு வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள், டென்ட் போடுகிற இடத்துக்கே நடந்து வரும்.

3. இடத்தின் வகையைப் படித்துப் பதிவு செய்யுங்கள்

முன்பதிவுப் பக்கத்தில் வரும் வகைகள்தான் புதியவர்களைக் குழப்பும். தண்ணீரும் மின்சாரமும் உள்ள இடம், தண்ணீர் மட்டும் உள்ள இடம், இரண்டும் இல்லாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்து போக வேண்டிய இடம். முதல்முறை என்றால் மின்சாரம் உள்ளதையே எடுங்கள். டென்ட்டுக்கு எதற்குக் கரண்ட் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஜூலையில் இந்தப் பகுதியில் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்; ஒரு டேபிள் ஃபேன் இல்லாமல் குழந்தை தூங்காது. கழிப்பறையும் குளியலறையும் எத்தனை அடி தூரம் என்றும் வரைபடத்தில் பாருங்கள். ஒட்டியும் வேண்டாம், ராத்திரி முழுக்கக் கதவு அடித்துக்கொண்டே இருக்கும்.

டெக்சஸில் ஐந்து மாதம் முன்பிருந்தே இரவுத் தங்கலுக்குப் பதிவு செய்யலாம். கொலராடோவில் ஆறு மாதம். ஞாயிறு முதல் வியாழன் வரை சுலபமாகக் கிடைக்கும். இடத்துக்கான கட்டணம் வேறு, நுழைவுக் கட்டணம் வேறு என்பதை மறக்காதீர்கள். டெக்சஸில் 12 வயது வரை நுழைவு இலவசம்.

நான் ஒருமுறை 'போய்ப் பார்த்துக்கலாம்' என்று பதிவு செய்யாமல் ஒரு பிரபலமான பூங்காவுக்குப் போனேன். வாசலிலேயே 'இடம் நிரம்பிவிட்டது' என்ற பலகை. இரவு எட்டரை மணிக்கு வண்டியைத் திருப்பினேன். பின் சீட்டில் யாரும் பேசவில்லை.

4. கிளம்புமுன் ஒரு போன்

முந்தைய நாள் பூங்கா அலுவலகத்துக்கு நேராகப் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். நெருப்பு மூட்டத் தடை இருக்கிறதா? காற்று எப்படி? தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறதா? தடை இருந்தால் விறகும் கரியும் கூடாது. கேஸ் அடுப்புக்கு என்ன விதி என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். வீட்டிலிருந்து விறகு எடுத்துப் போகாதீர்கள், அதோடு பூச்சியும் ஊர் மாறும். அங்கேயே வாங்குங்கள்.

போன் சிக்னல் அறுந்துவிடும், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். வழியில் வரும் சில்ட்ரஸ் ஊரிலேயே காருக்குப் பெட்ரோல் போட்டுவிடுங்கள்.

5. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்

சூரியன் மறைய இரண்டு மணி நேரம் முன்னால். டென்ட்டை வீட்டுப் பின்கட்டில் ஒருமுறை போட்டுப் பழகியிருக்க வேண்டும். முதலில் தரையைக் கையால் தடவிப் பாருங்கள். அங்கே நெருஞ்சி மாதிரி ஒரு முள் உண்டு, டென்ட்டின் அடித்துணியைக் குத்திக் காற்று மெத்தையையும் ஓட்டை போட்டுவிடும். மண் காய்ந்து இறுகிக் கிடக்கும். டென்ட்டோடு வருகிற மெல்லிய கம்பி முளைகள் இரண்டாவது அடியிலேயே கேள்விக்குறி மாதிரி வளைந்துவிடும். ஒரு அடி நீள இரும்பு முளைகளும் சுத்தியலும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், பதினைந்து டாலருக்குள் வேலை முடியும். முளையை டென்ட்டுக்கு வெளிப்பக்கம் சாய்த்து அடியுங்கள். காற்று வரும் திசைக்கு வாசலை வைக்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு மெனக்கெட வேண்டாம். முதல் இரவுக்கு வீட்டிலேயே கிளறிய புளியோதரை, வறுத்த அப்பளம். காலைக்கு உப்புமா. மிச்சத்தை வெளியே வைக்காமல் காருக்குள் பூட்டுங்கள், ரக்கூன் வரும்.

எருமை வந்தால் குறைந்தது 50 கஜம் தள்ளி நில்லுங்கள். வால் விறைத்து மேலே எழும்பினால் அதற்குக் கோபம் என்று அர்த்தம். செல்ஃபியை விட்டுவிட்டுக் காருக்குள் ஏறுங்கள். எங்கள் டென்ட்டிலிருந்து சற்றுத் தள்ளி ஒன்று விடிகாலையில் மேய்ந்துகொண்டிருந்தது. புல்லை அது பிடுங்கும் சத்தம் துணி கிழிவது போல இருந்தது. டென்ட்தான் கிழிகிறது என்று நினைத்து எழுந்து உட்கார்ந்தேன்.

6. மறுநாள் நிறுத்தம்

இன்னொரு இரவு இருந்தால் கிளேட்டன் லேக்கில் தங்குங்கள். எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அது நமக்கு லாபம். உயரமான இடம், ஜூனிலும் இரவில் போர்வை வேண்டும். அங்கே அணையின் மிகைநீர்க் கால்வாய்ப் பாறையில் 500-க்கும் மேற்பட்ட டைனோசர் காலடிகள் இருக்கின்றன. நாங்கள் மதியம் போய் நின்றபோது வெறும் சொட்டைப் பாறைதான் தெரிந்தது. 'இதுக்கா வந்தோம்?' என்றான் பையன். டென்ட் போட்டுவிட்டு மாலையில் மறுபடி போனோம். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு குழியிலும் நிழல் தேங்கி, மூன்று விரல் தடங்கள் வரிசையாக எழுந்து நின்றன. அவன் நாற்பதுவரை எண்ணினான், அதற்குள் இருட்டிவிட்டது.