அந்த ஆயிரம் கோடி யாருக்கு? தீயணைப்பு நுரை வழக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீயணைப்பு நுரையில் இருந்த வேதிப்பொருள்கள் குடிநீரைக் கெடுத்தன, புற்றுநோய் தந்தன என்று தயாரிப்பாளர்கள்மீது அமெரிக்காவில் போடப்படுபவை நுரை வழக்குகள். அவை என்றாலே எல்லார் கண்ணிலும் முதலில் படுவது தொகைதான். 2023-இல் 3எம் நிறுவனம் குறைந்தது 1,030 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. டூபாண்ட், கெமோர்ஸ், கோர்டேவா மூன்றும் சேர்ந்து 118.5 கோடி. அடுத்த ஆண்டு டைக்கோ 75 கோடி, பிஏஎஸ்எஃப் 31.65 கோடி. சிறுநீரகப் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருக்கும் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, "பணம் ஒதுக்கியாச்சு, பேரைக் கொடுத்தால் நம் பங்கு வந்துவிடும்" என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. விளம்பரங்கள் அப்படி நினைக்க வைக்கத்தான் எழுதப்படுகின்றன. உண்மையில் அந்தப் பணம் பொதுக் குடிநீர் அமைப்புகளுக்கானது. தண்ணீரைச் சோதிக்கவும் வடிகட்டவும் ஆகும் செலவுக்காகத் தரப்படுவது. நோயாளிகளுக்கு அதில் பங்கு கிடையாது. வழக்கு ஜெயித்தாகிவிட்டது, இனி வரிசையில் நின்றால் போதும் என்ற இந்த எண்ணத்திலிருந்துதான் மற்றத் தவறுகளில் பாதி கிளம்புகின்றன.

புற்றுநோய் வழக்குகள் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், நீதிபதி ரிச்சர்ட் கெர்கல் முன்னால் இருக்கின்றன. 2018 டிசம்பரில் நாடெங்கும் இருந்த நுரை வழக்குகளை அங்கே ஒன்றுசேர்த்தார்கள். அப்படிச் சேர்ந்தவை பத்தாயிரத்துக்கும் மேல். ஆனால் சேர்த்தது விசாரணைக்கு முந்தைய வேலைகளுக்காக மட்டும்தான். ஒருவர் ஜெயித்தால் எல்லாருக்கும் கிடைக்கும் கூட்டு வழக்கு இல்லை இது. என்ன நுரை, எப்போது, எவ்வளவு, என்ன நோய் என்று ஒவ்வொருவரும் தனக்குத் தானே நிரூபிக்க வேண்டும்.

எந்த நுரை என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "இருபது வருஷம் நுரையோடுதான் வேலை" என்று சொன்னால் போதாது. வழக்கில் உள்ள நுரை, எரிபொருள் தீயை அணைக்கும் பி வகை. ஃப்ளோரின் கலந்த பிஎஃப்ஏஎஸ் வேதிப்பொருள்கள் அதில் இருந்தன. எரியும் பெட்ரோல்மீது மெல்லிய படலமாகப் பரவி நெருப்புக்கு ஆவி போகாமல் அடைத்துவிடும். 1960-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடமும் 3எம்மும் சேர்ந்து உருவாக்கியது. 1967-இல் ஃபாரஸ்டல் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் தீப்பிடித்து 134 பேர் இறந்த பிறகு அதற்கான தேவை எல்லாருக்கும் உறைத்தது. ராணுவத் தளங்களுக்கும் விமான நிலையங்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. மரம், புல், வீட்டுச் சாமான் எரியும்போது அடிக்கும் ஏ வகை நுரை வேறு. அதில் பொதுவாக இந்த வேதிப்பொருள் இருக்காது. காட்டுத்தீயையே அணைத்துப் பழகிய ஒருவர் முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாவிட்டால் மற்ற எதுவும் பயன்படாது.

நுரை சரியானதுதான் என்றால் அடுத்த கேள்வி, யார் தயாரித்தது? லைட் வாட்டர், ஆன்சல், கெம்கார்ட், நேஷனல் ஃபோம், பக்கை என்று கேன்களில் பெயர்கள் இருந்திருக்கும். நிலையத்தின் கொள்முதல் ரசீது, பயிற்சிப் பதிவேடு, பழைய புகைப்படத்தின் ஓரத்தில் தெரியும் ஒரு கேன், கூட வேலை செய்தவரின் எழுத்து வாக்குமூலம் எல்லாமே சாட்சிதான். 3எம் இந்தத் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2000-இல் அறிவித்து 2002-க்குள் விலகிவிட்டது. அதனால் அதற்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவருக்கு 3எம் மீது வழக்கே இல்லை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அதுவும் தவறுதான். பழைய இருப்பு பல இடங்களில் அப்புறமும் வருஷக்கணக்கில் ஓடியது.

இனி நோய்க்கு வருவோம். விளம்பரங்களில் புற்றுநோய்களின் பட்டியல் மாதச் சாமான் லிஸ்ட்டைப் போல நீளும். மற்ற வழக்குகளின் போக்கைக் கணிக்க நடத்தும் முன்மாதிரி விசாரணைக்கு நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொண்டது சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தைராய்டு நோய், பெருங்குடலில் புண் வரும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் ஆகியவற்றைத்தான். கல்லீரல், தைராய்டு புற்றுநோய்கள் பிறகு சேர்ந்தன. வேறு புற்றுநோய் வந்தவர் வழக்கே போட முடியாது என்று அர்த்தமில்லை. அவர் ஏற வேண்டிய மலை உயரம், அவ்வளவுதான். அதை முதல் சந்திப்பிலேயே சொல்லாத வக்கீலை நான் நம்ப மாட்டேன்.

"உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டதே" என்பது அடுத்த சறுக்கல். அதன் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி, 2023-இல் பிஎஃப்ஏஎஸ் வேதிப்பொருள்களில் ஒன்றான பிஎஃப்ஓஏ-வை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் பிரிவில் சேர்த்தது உண்மை. அதே வகையில் இன்னொன்றான பிஎஃப்ஓஎஸ்-ஸை அது 'தரக்கூடும்' என்ற 2பி பிரிவில்தான் வைத்தது. முதல் பிரிவு முடிவிலும் உள்ளே ஒரு விஷயம் இருக்கிறது. விலங்குகளில் கிடைத்த போதுமான சான்றும், மனித உடலில் அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கான வலுவான சான்றும் சேர்ந்துதான் அந்த முடிவு வந்தது. மனிதர்களிடம் சிறுநீரக, விரைப் புற்றுநோய்களுக்கான சான்று 'வரம்புக்குட்பட்டது' என்றே அந்த அமைப்பு எழுதியது. எதிர்த்தரப்பு வக்கீல்கள் இந்த வரியைக் கண்டிப்பாக வாசித்துக் காட்டுவார்கள். இன்னொன்று: தீயணைப்புத் தொழிலையே ஐஏஆர்சி 2022-இல் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அது வாதிக்கு உதவும் என்றுதான் தோன்றும். ஆனால் புகை, ஆஸ்பெஸ்டாஸ், டீசல் புகை என்று நுரைக்குச் சம்பந்தமில்லாத காரணங்களை எதிர்த்தரப்பு எடுத்துக்கொடுக்கவும் அதுவே வழி செய்கிறது.

பழைய டூபாண்ட் தீர்ப்புகளைக் காட்டி நம்பிக்கை கொடுப்பவர்களும் உண்டு. மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் பக்கத்தில் டூபாண்ட் ஆலையின் பிஎஃப்ஓஏ கழிவு குடிநீரில் கலந்த விவகாரம் அது. 2015-இல் சிறுநீரகப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணுக்கு 16 லட்சம் டாலர் தர ஜூரி தீர்ப்பளித்தது. 2017-இல் சுமார் 3,550 வழக்குகள் ஏறத்தாழ 67 கோடி டாலருக்கு முடிந்தன. ஆனால் அங்கே ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஏறத்தாழ 69,000 பேரின் தகவல்களை வைத்து நடுநிலை விஞ்ஞானிகள் மூன்று பேர் ஆராய வேண்டும். அவர்கள் தொடர்பு இருப்பதாகச் சொல்லும் நோய்களில், இந்தப் பொருளால் இந்த நோய் வருமா என்ற பொதுக் கேள்வியை டூபாண்ட் எதிர்க்கக் கூடாது. அதாவது பாதி வழக்கு முன்பே தீர்ந்திருந்தது. நுரை வழக்குகளில் அப்படி ஒரு சலுகை கிடையாது. அந்தப் பாதியையும் இங்கே முதலிலிருந்து போராடித்தான் வாங்க வேண்டும்.

காலக்கெடு விஷயத்தில் நடக்கும் தவறைத் திருத்தவே முடியாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கணக்கு. பல இடங்களில் இரண்டு, மூன்று ஆண்டுகள். கென்டக்கி, டென்னசி போன்றவற்றில் ஒரே ஆண்டு. நோயையும் அதன் காரணத்தையும் தெரிந்துகொண்ட நாளிலிருந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்தோ பொதுவாகக் கடிகாரம் ஓடும். இந்த 'தெரிந்திருக்க வேண்டிய' என்பதில்தான் சண்டையே. "போன மாதம் விளம்பரம் பார்த்துத்தான் தெரியும்" என்றால், "இத்தனை வருஷம் செய்தித்தாளில் வந்ததே" என்று எதிர்த்தரப்பு கேட்கும். வக்கீல் அலுவலகத்தின் இணையப் படிவத்தை நிரப்பியதால் கடிகாரம் நிற்காது. சார்ல்ஸ்டனில் மற்றவர்கள் வழக்கு நடக்கிறது என்பதாலும் நிற்காது. நோயாளி இறந்துவிட்டால் பல மாநிலங்களில் இறப்பு வழக்குக்குத் தனிக் கெடு உண்டு. அவருடைய சொத்துக்குப் பிரதிநிதியாக ஒருவரை நீதிமன்றம் நியமிக்கவும் வேண்டியிருக்கும். துக்கத்தில் இருக்கும் குடும்பம் இதைத் தவறவிடுவது சகஜம்.

முன்னாள் ராணுவத்தினர் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். பணியின்போது வந்த பாதிப்புக்காக அரசின்மீது வழக்குப் போட, உச்ச நீதிமன்றத்தின் 1950-ஆம் ஆண்டு ஃபெரஸ் தீர்ப்பு தடையாக இருக்கிறது. அதனால் யார்மீதும் போட முடியாது என்று விட்டுவிடுகிறார்கள். தயாரிப்பாளர்கள்மீது போடத் தடையில்லை. "ராணுவம் கேட்டபடிதான் செய்து கொடுத்தோம்" என்ற அவர்களின் வாதத்தை வைத்து, விசாரணை இல்லாமலேயே வழக்குகளைத் தள்ளிவிட நீதிபதி கெர்கல் 2022-இல் மறுத்துவிட்டார். இரண்டாவது குழப்பம், கேம்ப் லெஜூன். அந்த ராணுவத் தளத்தில் கரைப்பான்கள் கலந்த தண்ணீரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இருப்பது தனிச் சட்டம். அங்கே எதிர்த்தரப்பே அரசுதான். புதிய கோரிக்கைக்கான கெடுவும் 2024 ஆகஸ்ட் 10-ஓடு முடிந்துவிட்டது. முன்னாள் படைவீரர் துறையில் ஊனத்தொகை கேட்பதும் வேறு பாதை. அதைக் கேட்டதால் தயாரிப்பாளர்மீதான வழக்கு போய்விடாது.

ரத்தப் பரிசோதனையை அளவுக்கு மீறி நம்பவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். அமெரிக்கர்களில் கிட்டத்தட்ட எல்லார் ரத்தத்திலும் பிஎஃப்ஏஎஸ் இருக்கிறது. ஆகவே இருப்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் அளவு பாதியாகக் குறையவே சில ஆண்டுகள் ஆகும் என்றாலும், வேலையை விட்டு இருபது வருஷம் ஆனவருக்குக் குறைந்துதான் இருக்கும். குறைவாக வந்ததாலேயே வழக்கு செத்துவிடாது. அந்தப் பரிசோதனை வழக்கைவிட உடம்பைக் கவனிக்கத்தான் அதிகம் பயன்படும்.

வழக்குக்காக நிரப்பும் கேள்விப் படிவத்தில் புகைபிடித்ததையோ ரத்த அழுத்தத்தையோ மறைக்காதீர்கள். இரண்டுமே சிறுநீரகப் புற்றுநோய்க்கான தெரிந்த காரணிகள். மருத்துவப் பதிவில் எப்படியும் இருக்கும். மறைத்தது வெளிப்பட்டால் மற்ற வாக்குமூலமும் சந்தேகத்துக்குள்ளாகும். திசுப் பரிசோதனை மாதிரிகளை ஆய்வகங்கள் 10 ஆண்டுகள் வைத்திருப்பதுதான் வழக்கமான விதி. ஒன்பதாவது ஆண்டில் இருப்பவர், மாதிரியை அழிக்க வேண்டாம் என்று ஆய்வகத்துக்கு இந்த வாரமே கடிதம் எழுதுவது நல்லது.

ஒரே நேரத்தில் இரண்டு வக்கீல் நிறுவனங்களிடம் கையெழுத்துப் போடுவதும் நடக்கிறது. அப்புறம் கட்டணச் சண்டையில் மாட்டிக்கொள்வது வாதிதான். "ஜெயித்தால்தான் கட்டணம்" என்பது பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு முதல் 40 சதவீதம் வரை போகும். நிபுணர் செலவு அதற்குள்ளா வெளியிலா என்று ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். சிகிச்சைக்கு அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் கட்டியிருந்தால், கிடைக்கும் தொகையிலிருந்து அதைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.